இரு தரப்புக்கும் ஒரே அலமாரி: ஜெனீவா போர்க்கைதிகள் ஆவணத் தளம் குறித்து ஒரு மதிப்புரை

முதல் உலகப் போரில் எதிரியிடம் சிக்கியவர்களைப் பற்றிய தன் ஆவணங்களைச் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு 2014இல் இணையத்தில் திறந்து வைத்தது. போர் தொடங்கி நூறாண்டு நிறைந்ததையொட்டி வெளியான அந்தத் தளத்தில், சுமார் 20 லட்சம் கைதிகளைப் பற்றிய அரைக்கோடிக்கும் மேற்பட்ட அட்டைகளும், லட்சக்கணக்கான பக்கங்கள் கொண்ட பதிவேடுகளும் படங்களாகக் கிடைக்கின்றன. கட்டணம் எதுவும் இல்லை. தங்கள் கொள்ளுத் தாத்தா எந்த முகாமில் அடைபட்டிருந்தார் என்று தேடும் குடும்பங்களே இதைப் பெரும்பாலும் பயன்படுத்துகின்றன. எனக்கு அப்படித் தேட ஒரு பெயர் இல்லை. ஒரு போரில் இரு பக்கமும் அழிந்த மனிதர்களுக்காக ஒருசேர வருந்த வழி உண்டா என்ற கேள்வியோடுதான் நான் இந்தத் தளத்துக்குள் சென்றேன். இந்த மதிப்புரையும் அந்தக் கேள்வியை வைத்தே அமைகிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேடும் கருவி என்ற அளவில் இது நடுத்தரமானது, பொறுமையைச் சோதிப்பது. ஆனால் எதிரியின் வீட்டிலும் இழவு விழுந்தது என்பதைக் கையெழுத்தோடும் தேதியோடும் நம் முன் வைப்பதில் இதற்கு நிகரான வேறொன்றை நான் கண்டதில்லை.

இந்த அட்டைகளை எழுதிய சேவை போர் தொடங்கிய 1914 ஆகஸ்டிலேயே உருவானது. போரிடும் ஒவ்வொரு நாடும் தன் வசமுள்ள கைதிகளைப் பற்றித் தகவல் தரும் அலுவலகம் ஒன்றை நடத்த வேண்டும் என்று 1907ஆம் ஆண்டு ஹேக் ஒழுங்குமுறைகளின் 14ஆம் பிரிவு விதித்திருந்தது. ஆனால் பாரிஸில் இருக்கும் ஒரு தாய் பெர்லின் அலுவலகத்துக்கு எப்படிக் கடிதம் எழுதுவாள், எழுதினாலும் எந்தத் தபால்காரர் அதைக் கொண்டு சேர்ப்பார்? நடுவில் நிற்க ஓர் ஊர் தேவைப்பட்டது. 1870இல் பிரான்சும் பிரஷ்யாவும் மோதியபோது நடுநிலை நாடான சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இத்தகைய முகமை ஒன்று இயங்கிய முன்னுதாரணம் இருந்தது. அதைப் பின்பற்றிச் செஞ்சிலுவைக் குழுவின் தலைவர் குஸ்தாவ் அதோர் ஜெனீவாவில் போர்க்கைதிகளுக்கான சர்வதேச முகமையைத் தொடங்கினார். சிறிய அளவில் தொடங்கிய வேலை சில வாரங்களிலேயே ராத் அருங்காட்சியகக் கட்டடத்துக்குக் குடிபெயர வேண்டியதாயிற்று. 1914 ஆகஸ்ட் 22 என்ற ஒரே நாளில் மட்டும் பிரெஞ்சுப் படையில் சுமார் 27,000 பேர் மாண்டார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், கடிதங்கள் ஏன் அப்படிக் குவிந்தன என்பது விளங்கும். போர் முடிவதற்குள் ஏறத்தாழ 3,000 பேர் அங்கே பணியாற்றியிருந்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். நேச நாடுகளின் பிரிவை நடத்தியவர்களுள் ஒருவரான ரெனே-மார்கரித் கிராமர் 1918இல் செஞ்சிலுவைக் குழுவின் முதல் பெண் உறுப்பினரானார். போர் நடந்த ஆண்டுகளில் வழங்கப்பட்ட ஒரே அமைதி நோபல் பரிசு 1917ஆம் ஆண்டுக்குரியது. அது இந்தக் குழுவுக்கே கிடைத்தது.

அங்கே நடந்த வேலையின் முறை எளியது, அந்த எளிமையில்தான் என் மனம் நெடுநேரம் நின்றது. காணாமல் போனவரைப் பற்றி வீட்டார் கேட்டு எழுதினால், அவர் பெயரில் ஓர் அட்டை எழுதப்படும். எதிரி அரசு அனுப்பும் கைதிகள் பட்டியலிலோ, மருத்துவமனைப் பட்டியலிலோ, இறந்தோர் பட்டியலிலோ அதே பெயர் இருந்தால் அதற்கும் ஓர் அட்டை எழுதப்படும். இரண்டும் எழுத்து வரிசைப்படி ஒரே பெட்டியில் அடுக்கப்படும். என்றாவது ஒரு நாள், அடுக்குகிறவரின் விரல்களுக்கிடையே அந்த இரண்டு அட்டைகளும் அடுத்தடுத்து வந்து நிற்கும். அன்றே வீட்டுக்குக் கடிதம் புறப்படும். கேள்வி ஒரு நாட்டிலிருந்து வந்தது, விடை அந்த நாட்டைக் கொன்றுகொண்டிருந்த நாட்டிலிருந்து வந்தது. பிரெஞ்சு வீரன் ஒருவன் இறந்த செய்தி அவனுடைய தாய்க்குப் போய்ச் சேர வேண்டுமானால், அவன் உடலிலிருந்த அடையாள வில்லையை ஒரு ஜெர்மானியர் கழற்றி, அதிலுள்ளதைப் படித்து, பிழையில்லாமல் எழுதி மேலிடத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும். ஜெர்மானிய வீரனின் தாய்க்கும் இதே கடமையை ஒரு பிரெஞ்சுக்காரர் செய்திருக்க வேண்டும். பகைவரின் பிணத்தைத் தொட்டு அதன் பெயரைத் தேடியவர்கள் இரு பக்கமும் இருந்தார்கள் என்பதற்கு இந்த அட்டைகளே சான்று.

தளத்தைப் பயன்படுத்தும் விதத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனெனில் முதல் முறை நுழைகிறவர்கள் குழம்பிப் போவார்கள். தேடல் கட்டத்தில் குடும்பப் பெயரை இட வேண்டும். எந்த நாட்டுப் படையைச் சேர்ந்தவர் என்பதையும், படைவீரரா குடிமகனா என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். உடனே அந்த நபரின் அட்டை வந்துவிடாது. அந்த எழுத்துகளில் தொடங்கும் அட்டைகளின் வரிசை திறக்கும். பிறகு ஒவ்வொன்றாக முன்னும் பின்னும் புரட்டிப் போக வேண்டியதுதான். மார்ட்டின், முல்லர், ஸ்மித் போன்ற பெயர்களானால் நூற்றுக்கணக்கான அட்டைகளைக் கடக்க நேரும். வேண்டிய அட்டை கிடைத்தபின், அதில் எழுதப்பட்டிருக்கும் பதிவேட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு தனியாக இட்டால், எதிரி அரசு அனுப்பிய மூலப் பட்டியலின் பக்கம் வரும். அந்தப் பக்கத்தில்தான் அவர் பிடிபட்ட இடம், நாள், காயத்தின் விவரம், முகாமின் பெயர் ஆகியவை இருக்கும். கையெழுத்து ஆளுக்கு ஆள் மாறுகிறது, மை மங்கியிருக்கிறது, பிரெஞ்சுச் சுருக்கக் குறிகள் பழக நாளாகும். தேடலை எளிமையாக்க இன்னும் எவ்வளவோ செய்யலாம். அட்டைகளின் எழுத்தை முழுமையாகத் தட்டச்சு செய்து, பெயரையும் ஊரையும் ஒருசேரத் தேடும் வசதி வந்தால் பயனாளர்களின் சுமை பாதியாகக் குறையும்.

ஆனால் இந்தக் குறையையே ஒரு பேறாகவும் கருத வேண்டியிருக்கிறது. ஒரு பெயரைத் தேடிப் போகிறவர், வழியில் நூறு அந்நியர்களைக் கடந்துதான் அதை அடைய முடியும். அந்த நூறு அட்டைகளிலும் யாரோ ஒருவர் இன்னொருவரைப் பற்றிக் கேட்டிருக்கிறார்.

பிரெஞ்சு, பெல்ஜியப் பிரிவில் நான் நிறுத்திப் பார்த்த அட்டைகளில் ஒன்றைச் சொல்கிறேன். பெயரை இங்கே தர விரும்பவில்லை. காலாட்படை வீரர். படைப்பிரிவின் எண், கம்பெனியின் எண், 1914 ஆகஸ்ட் இறுதியில் காணாமல் போனார் என்ற குறிப்பு, கேட்டவர் மனைவி என்பதும் அவருடைய முகவரியும். கீழே, தகவல் எதுவும் இல்லை என்ற பதில் அனுப்பப்பட்டதாகச் சொல்லும் முத்திரை. அதற்கும் கீழே, வேறொரு மையில், அடுத்த ஆண்டுத் தேதியோடு அதே முத்திரை மீண்டும். முதல் பதிலை அந்தப் பெண் ஏற்றுக்கொள்ளவில்லை, மறுபடியும் எழுதியிருக்கிறார் என்பதைத் தவிர அந்த அட்டை வேறெதுவும் சொல்லவில்லை. அதைத் தாண்டிப் புரட்டிய வேறோர் அட்டையில், குடும்பத்துக்குத் தெரிவிக்கப்பட்டது என்ற சுருக்கக் குறிக்கு மேலே மருத்துவமனையின் பெயரும் இறந்த நாளும் இருந்தன. எது கொடியது, இரண்டாவது வீட்டுக்குப் போன விடையா, முதல் வீட்டுக்குப் போகாமலே நின்ற விடையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. காணாமல் போனோரின் குடும்பங்களோடு பழகியவர்கள் இதற்கு ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: பிணம் வந்த வீட்டில் அழுகை ஒரு நாள் ஓயும், வராத வீட்டில் அழுவதற்கே உரிமை கிடைப்பதில்லை.

பிறகு ஜெர்மன் பிரிவுக்குள் போனேன். அட்டையின் அளவு, கட்டங்கள், முத்திரைகள், எழுதும் முறை என எல்லாம் ஏறக்குறைய அதேதான். கேட்டவர் தாய், கேட்டவர் தந்தை, கேட்டவர் மனைவி என்ற குறிப்புகளும் அப்படியே. மாறுவது ஊர்ப் பெயர்களும் படைப்பிரிவுகளும் மட்டுமே. நான்கு ஆண்டுகளில் ஜெர்மனி சுமார் 20 லட்சம் படைவீரர்களையும், பிரான்ஸ் சுமார் 14 லட்சம் பேரையும் இழந்தன என்று பாடப்புத்தகத்தில் படிக்கும்போது இரண்டும் வெறும் எண்களாகவே மனத்தில் நிற்கின்றன. அதிலும் நமக்குப் பிடித்த பக்கத்தின் எண் கொஞ்சம் கனமாகவும், மற்றப் பக்கத்தின் எண் கொஞ்சம் இலேசாகவும் தோன்றிவிடுகிறது. இரண்டு பிரிவுகளையும் மாற்றி மாற்றித் திறந்து வைத்துப் படித்தால் அந்தச் சாய்வு நிற்பதில்லை. இந்தத் தளத்தைப் பற்றி நான் சொல்லக்கூடிய மிகப் பெரிய பாராட்டு இதுவே.

இதை ஏதோ புனிதமான கருணையின் விளைவாக எண்ணிவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். அரசுகள் கைதிகளின் பட்டியல்களை அனுப்பியதற்கு முதன்மையான காரணம் கைம்மாறுதான். நம்மவர்களின் பட்டியல் வேண்டுமானால் அவர்களுடைய பட்டியலை நாம் தந்தாக வேண்டும் என்ற கணக்கில்தான் பெர்லினும் பாரிஸும் லண்டனும் ஜெனீவாவுக்குத் தாள்களை அனுப்பின. ஒரு பக்கம் தாமதித்தால் மறு பக்கமும் தாமதித்தது. ஒரு பக்கம் கைதிகளைத் தண்டித்தால் மறு பக்கமும் பழிக்குப் பழியாகத் தன் கைதிகளைத் தண்டித்தது. எதிரியின் தாய்க்காக எந்த அமைச்சரும் உறக்கம் இழக்கவில்லை. இருந்தாலும், அந்தப் பேரத்தின் வழியாகவே லட்சக்கணக்கான வீடுகளுக்கு உண்மை போய்ச் சேர்ந்தது. நல்ல மனம் வரும்வரை காத்திருக்காமல், நல்ல மனம் இல்லாத இடத்திலும் நடக்கக்கூடிய ஒரு நடைமுறையை ஏற்படுத்தியதே இந்த முகமையின் அறிவு என்று நான் கருதுகிறேன். குடிமக்களுக்கு அத்தகைய பேரம்கூட வாய்க்கவில்லை. போர்க்கைதிகளுக்கு விதிகள் இருந்தன; ஆக்கிரமிக்கப்பட்ட வட பிரான்சிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் பிரிக்கப்பட்ட பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அத்தகைய விதி எதுவும் இல்லை. மருத்துவர் ஃபிரெடெரிக் ஃபெரியேர் தம் விருப்பத்தின் பேரில் அவர்களுக்கென ஒரு தனிப் பிரிவை உருவாக்கி நடத்தினார். தளத்தின் குடிமக்கள் அட்டைகள் அந்தப் பிடிவாதத்தின் பயன்.

இந்த இடத்தில் ஒரு ஐயம் எழுவது இயல்பு. இரு தரப்புக்கும் வருந்துவது என்றால் இரு தரப்பின் குற்றத்தையும் சமமாக்கிவிடுவதா? இல்லை. 1914 ஆகஸ்டிலும் அதைத் தொடர்ந்த வாரங்களிலும் ஜெர்மன் படைகள் பெல்ஜியத்திலும் வட பிரான்சிலும் 6,000க்கும் மேற்பட்ட குடிமக்களைக் கொன்றன. தினான் என்ற சிறு நகரில் மட்டும் 674 பேர். அதைச் செய்த படையின் வீரன் ஒருவனுடைய தாயும் ஜெனீவாவுக்குக் கடிதம் எழுதியிருப்பாள், அவளுக்கும் அட்டை எழுதப்பட்டிருக்கும். அட்டை எழுதப்பட்டதால் தினானின் கணக்குத் தீர்ந்துவிடாது. தினானின் கணக்கு தீராததால் அந்தத் தாயின் கேள்வி செல்லாததாகிவிடாது. இரண்டையும் ஒரே மனத்தில் வைத்திருப்பது கடினம்தான். யார் தொடங்கினார்கள், யார் கூடுதலாகக் கொன்றார்கள் என்ற விசாரணைக்கு நீதிமன்றமும் வரலாறும் இருக்கின்றன. இந்த அலமாரி வேறு ஒரு வேலைக்காகச் செய்யப்பட்டது.

இனிக் குறைகள். எனக்கு மிகவும் உறுத்திய குறை, பெயரைத் தேடத் தொடங்கும்போதே எந்த நாட்டுப் படை என்று தளம் கேட்பது. அட்டைகள் அன்று அப்படிப் பிரித்து அடுக்கப்பட்டிருந்தன என்பதால் இது தவிர்க்க முடியாததாக இருக்கலாம். ஆயினும் எல்லாப் பிரிவுகளையும் ஒரே நேரத்தில் தேடும் வழி ஒன்றைச் சேர்த்தால், இந்த ஆவணத்தின் உள்ளியல்புக்கு அது இன்னும் பொருத்தமாக இருக்கும். அவ்வாறு செய்ய முடியும் என்பதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. வட பிரான்சின் நோத்ர்-தாம்-த-லொரெத் குன்றில் 2014 நவம்பர் 11 அன்று திறக்கப்பட்ட நினைவு வளையத்தில், அந்த வட்டாரத்தில் மாண்ட 5,79,606 வீரர்களின் பெயர்கள் நாடும் பதவியும் குறிக்கப்படாமல், வெறும் எழுத்து வரிசையில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஒரே குடும்பப் பெயர் ஆங்கிலேயருக்கும் ஜெர்மானியருக்கும் பொதுவாக இருக்கும் இடங்களில், யார் எந்தப் பக்கம் நின்றார் என்று பலகையைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஜப்பானின் ஓகினாவாவில் 1995இல் அமைந்த அமைதிக்கான நினைவுக் கற்களும் ஜப்பானியர், அமெரிக்கர், கொரியர் என இரு தரப்பையும், படைவீரர்களையும் குடிமக்களையும் சேர்த்து 2,40,000க்கும் மேற்பட்ட பெயர்களைத் தாங்குகின்றன. அங்கே பெயர்கள் நாடுவாரியாக நின்றாலும் ஒரே திடலில் நிற்கின்றன.

போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் அமைப்புகளின் தேடல் வசதிகளோடு ஒப்பிட்டால் ஜெனீவாத் தளத்தின் பலமும் பலவீனமும் இன்னும் தெளிவாகும். 1917இல் தொடங்கிய காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் சுமார் 17 லட்சம் பேரின் பெயர்களைத் தேட எளிதான முறையில் தருகிறது. 1919இல் தொடங்கிய ஜெர்மன் போர்க் கல்லறைகள் நலச் சங்கமும் அவ்வாறே தருகிறது. இரண்டும் வேகமானவை, தெளிவானவை, தத்தம் மக்களை முதன்மையாக நினைப்பவை. காமன்வெல்த் ஆணையம் தன் மக்கள் என்று சொல்லிக்கொண்டவர்களையே சமமாக நினைக்கவில்லை என்பது 2021இல் அதன் அறிக்கையிலேயே வெளிவந்தது: ஆப்பிரிக்க, ஆசிய வீரர்களும் பணியாளர்களுமாகக் குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படாமலோ முற்றிலும் விடுபட்டோ போனார்கள் என்று அது ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. ஒரு தரப்புக்குள்ளேயே துக்கம் இப்படித் தரம் பிரிக்கப்பட்டபோது, எதிர்த் தரப்புக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஜெனீவாத் தளத்திலும் விடுபடல்கள் உண்டு. கிழக்குப் போர்முனையின் கைதிகளைப் பற்றிய வேலையைக் கோபன்ஹேகனில் டென்மார்க் செஞ்சிலுவைச் சங்கம் செய்தது. இத்தாலிக்கும் ஆஸ்திரியாவுக்கும் இடையிலான தகவல் பரிமாற்றம் நேரடியாக நடந்தது. ஆகவே லட்சக்கணக்கான ரஷ்ய, ஆஸ்திரிய, இத்தாலியக் குடும்பங்களின் கேள்விகளை இங்கே தேடுவது வீண். இந்திய வீரர்களைப் பிரிட்டிஷ் பிரிவுக்குள் தேட வேண்டும். பஞ்சாபிலும் நேபாளத்திலும் கார்வாலிலும் புழங்கிய பெயர்களைப் பிடித்தவர் ஒரு மாதிரியும், பட்டியலிட்டவர் வேறு மாதிரியும், அட்டையில் எழுதியவர் மூன்றாவது மாதிரியும் எழுதியிருப்பதால், ஒரே பெயருக்கு நான்கைந்து எழுத்துக்கூட்டல்களை முயன்று பார்க்க நேரிடும். ஊரும் தந்தை பெயரும் தெரியாமல் இறங்கினால் பயன் இருக்காது.

முகமையின் பிற்கால வரலாற்றைப் பற்றித் தளம் பேசவில்லை. அது அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆனால் இந்தச் சேவையை மதிப்பிடுகிறவர் அதைத் தாண்டிப் போக முடியாது. இரண்டாம் உலகப் போரில் கைம்மாறு என்ற அந்த அச்சாணி கிழக்குப் போர்முனையில் கழன்றுவிட்டது. போர்க்கைதிகள் குறித்த 1929ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தத்தில் சோவியத் ஒன்றியம் சேரவில்லை. அதையே சாக்காகக் காட்டி நாஜி ஜெர்மனி சோவியத் கைதிகளைப் பட்டினியாலும் குளிராலும் துப்பாக்கியாலும் கொன்றது, மாண்டவர்கள் சுமார் 30 லட்சம். சோவியத் முகாம்களில் ஜெர்மானியக் கைதிகளும் லட்சக்கணக்கில் மடிந்தார்கள். ஜெனீவாவுக்குப் பட்டியல் வரவில்லை. இரு நாட்டுத் தாய்மாருக்கும் விடை போகவில்லை. யூதர்கள் கொன்றழிக்கப்படுவதை அறிந்திருந்தும் 1942 அக்டோபரில் பொது வேண்டுகோள் எதுவும் வெளியிடுவதில்லை என்று செஞ்சிலுவைக் குழு முடிவு செய்தது, அதன் வரலாற்றின் மிகப் பெரிய கறை. குழுவே பின்னாளில் அதைத் தன் தோல்வியாக ஏற்றுக்கொண்டது. நடுவில் நிற்பதற்கும் வாய்மூடி நிற்பதற்கும் உள்ள இடைவெளி எவ்வளவு குறுகியது என்பதை 1914இன் அட்டைகளைப் போற்றுகிறவர்கள் மறக்கலாகாது.

அந்த முகமை மத்தியத் தடமறிதல் முகமை என்ற பெயரில் இன்றும் இயங்குகிறது. 1949ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தங்கள் அதற்குச் சட்ட அடிப்படை தருகின்றன. ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் இடையிலான போருக்கென 2022 மார்ச்சில் அது ஒரு தனி அலுவலகத்தைத் திறந்தது; இரு நாட்டுக் குடும்பங்களும் அங்கே கேள்வி கேட்கலாம். ஃபாக்லாந்துத் தீவுகளில் செஞ்சிலுவைக் குழு செய்த வேலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1982ஆம் ஆண்டுப் போரில் அர்ஜென்டினாவின் தரப்பில் 649 பேரும் பிரிட்டனின் தரப்பில் 255 பேரும் மாண்டார்கள். சண்டை முடிந்தபின், போர்க்களத்தில் சிதறிக் கிடந்த அர்ஜென்டின உடல்களைச் சேகரித்து டார்வின் என்ற இடத்தில் அடக்கம் செய்யும் பொறுப்பு ஜெஃப்ரி கார்டோசோ என்ற பிரிட்டிஷ் அதிகாரிக்கு வந்தது. அடையாள வில்லை இல்லாத உடல்கள் பல. யாராவது ஒருநாள் பெயரைக் கண்டுபிடிப்பார்கள் என்ற எண்ணத்தில் அவர் ஒவ்வோர் உடலையும் கவனமாகச் சுற்றி, எந்த இடத்தில் கிடைத்தது, உடன் என்ன இருந்தது என்பதையெல்லாம் குறித்துவைத்தார். கல்லறைகளில் கடவுளுக்கு மட்டுமே தெரிந்த அர்ஜென்டின வீரர் என்று பொறிக்கப்பட்டது. 2017இல் இரு அரசுகளின் ஒப்புதலோடு செஞ்சிலுவைக் குழுவின் தடயவியல் வல்லுநர்கள் அந்தக் கல்லறைகளைத் திறந்தபோது, கார்டோசோவின் குறிப்புகளும் அவர் உடல்களைச் சுற்றிய விதமும் பெரிதும் கைகொடுத்தன. மரபணுச் சோதனையின் மூலம் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது. 35 ஆண்டுகளுக்குப் பிறகு தாய்மார் தங்கள் மகனின் கல்லறை எது என்று அறிந்து அங்கே போய் நின்றார்கள். சைப்ரஸ் தீவில் 1,510 கிரேக்கரையும் 492 துருக்கியரையும் ஒரே பட்டியலில் வைத்து, இரு இனத்து ஆய்வாளர்களும் ஒன்றாகக் குழிதோண்டித் தேடும் காணாமல் போனோர் குழுவும் இதே வழியில் நடப்பதுதான். 1,000க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் அங்கே குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன.

தமிழில் இதை எழுதும்போது இலங்கையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1990 முதல் செஞ்சிலுவைக் குழு அங்கே காணாமல் போனோராகப் பதிந்த 16,000க்கும் மேற்பட்டோரில் 5,000க்கும் மேற்பட்டவர்கள் படையினரும் காவல் துறையினரும். மற்றவர்களில் பெரும்பகுதியினருக்காக வடக்கிலும் கிழக்கிலும் தமிழ்த் தாய்மார் 2017 முதல் வீதியோரக் கொட்டகைகளில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார்கள். விடை கிடைக்காமலே அவர்களில் பலர் இறந்தும் போனார்கள். சரணடைந்தபோது கையோடு ஒப்படைத்த பிள்ளை எங்கே என்ற அவர்களுடைய கேள்விக்கு அரசு பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பொறுப்பை எந்தப் பொதுத் துக்கமும் குறைத்துவிடாது. தெற்கில் ஏதோ ஒரு சிற்றூரில், சம்பளத்துக்காகப் படையில் சேர்ந்து திரும்பாத மகனின் அறையைப் பூட்டாமல் வைத்திருக்கும் சிங்களத் தாயின் பெயரும் அதே பதிவேட்டில் இருக்கிறது. இரண்டு பெயர்களும் ஒரே இடத்தில் எழுதப்பட்டிருப்பது எனக்கு ஆறுதலாக இல்லை. ஆனால் சரியாக இருக்கிறது என்று படுகிறது.

இந்தத் தளத்தை யாருக்குப் பரிந்துரைப்பேன் என்று கேட்டால், குடும்பத்தில் ஒருவரைத் தேடுகிறவர்களுக்கு முதலில்; அவர்கள் படைப்பிரிவின் எண்ணையும் பிடிபட்ட ஏறத்தாழத் தேதியையும் கையில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். பள்ளி ஆசிரியர்களுக்கு அடுத்ததாக. உலகப் போரைப் பாடமாக நடத்தும்போது இரண்டு நாட்டு அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும், விளக்கம் அதிகம் தேவைப்படாது. போர்ச் செய்திகளில் ஒரு பக்கத்தின் இறப்பை மட்டும் எண்ணப் பழகிவிட்டவர்களுக்கும் இதைச் சொல்வேன். கைபேசியில் பார்ப்பதைத் தவிர்த்துவிடுங்கள். அட்டையின் ஓரத்துக் குறிப்புகள் சிறிய திரையில் கண்ணுக்கு அகப்படுவதில்லை.

தேடப் பெயர் இல்லாதவர்கள் அட்டைகளை விட்டுவிட்டு, செஞ்சிலுவைக் குழுவின் பிரதிநிதிகள் முகாம்களைப் பார்வையிட்டு எழுதிய அறிக்கைகளில் தொடங்கலாம். 1916 ஏப்ரலில், இன்றைய ஈராக்கிலுள்ள குத் நகரில் சரணடைந்த பிரிட்டிஷ் இந்தியப் படையினர் சுமார் 13,000 பேரைத் துருக்கியர் பாலைவனத்தின் வழியே நடத்திச் சென்றார்கள்; இந்தியச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள், பிரிட்டிஷ் சிப்பாய்களில் பாதிக்கும் மேலானோர் வீடு திரும்பவில்லை. அதே காலத்தில் பிடிபட்ட துருக்கிய வீரர்கள் பெல்லாரியிலும், ராஜபுதனத்துச் சுமேர்பூரிலும், பர்மாவின் தயெட்மியோவிலும் அடைக்கப்பட்டிருந்தார்கள். ஜெனீவாவின் பிரதிநிதிகள் 1916 அக்டோபர் முதல் 1917 ஜனவரி வரை துருக்கி முகாம்களையும், 1917 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இந்திய, பர்மிய முகாம்களையும் பார்த்து எழுதியிருக்கிறார்கள். படுக்கை, உணவு, தண்ணீர், மருத்துவம், கடிதம், இறந்தோர் எண்ணிக்கை என்று ஏறக்குறைய ஒரே வரிசையில் அவை போகும். துருக்கி அரசு தாம் காட்ட விரும்பிய முகாம்களையே காட்டியது என்பதையும், பிரிட்டிஷ் அதிகாரிகளும் தங்கள் முகாம்களைச் செம்மையாக வைத்துத்தான் காட்டியிருப்பார்கள் என்பதையும் மனத்தில் கொண்டு படிக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாகப் படிப்பது நல்லது. துருக்கி அறிக்கையை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.